நோகாலஸ் முதல் லாஸ் வேகாஸ் வரை: இன்டர்ஸ்டேட் 11 வேண்டுமா?

முதல் நாள்: நோகாலஸ்

காலை ஏழு மணி. அரிசோனா மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர் நோகாலஸ். அங்குள்ள மரிப்போசா எல்லை வாயிலுக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டிவிட்டு லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார் அண்ணன். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் என்று குளிர்காலத்தில் அமெரிக்கக் கடைகளில் குவியும் காய்கறியில் ஒரு பெரிய பங்கு மெக்சிகோவின் சினலோவா, சொனோரா வயல்களிலிருந்து இந்த வாயில் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இப்போது பிப்ரவரி, வரத்து உச்சத்தில் இருக்கும் மாதம். பத்து நிமிடம் எண்ணியபின் என் பக்கம் திரும்பி, "பாத்தியா தம்பி, இவ்வளவும் எங்க போகும்னு நெனைக்கிற?" என்றார்.

அண்ணன் என் பெரியப்பா மகன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில், எந்த வண்டி எந்த வழியாக எப்போது போக வேண்டும் என்று திட்டமிடுகிற வேலை. இன்டர்ஸ்டேட் 11 என்ற புதிய நெடுஞ்சாலை வந்தே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. டூசான் நகருக்கு மேற்கே பாலைவனத்தை வெட்டிக்கொண்டு போகும் பகுதியாவது வரவே கூடாது என்பது என் கட்சி. பொங்கலன்று அவர் வீட்டில் தொடங்கிய விவாதம் இரவு பதினொரு மணிக்கும் முடியவில்லை. அண்ணிதான் சொன்னார்: "ரெண்டு பேரும் போய் அந்த வழியப் பாத்துட்டு வாங்களேன்." சரி என்று கிளம்பிவிட்டோம். எல்லையிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஆறு நாள் பயணம். தினமும் இரவில் அன்றைக்குப் பார்த்ததை எழுதிப் போடுகிறேன்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் விரைவு நெடுஞ்சாலைகளான இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கான சட்டத்தில் அதிபர் ஐசனோவர் 1956 ஜூன் 29 அன்று கையெழுத்திட்டார். மொத்தம் 41,000 மைல், செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. அந்த வரைபடத்தில் ஃபீனிக்ஸையும் லாஸ் வேகாஸையும் இணைக்கும் கோடு இல்லை. 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லாஸ் வேகாஸில் 25,000 பேர்கூட இல்லையென்றால் யார் கோடு போடுவார்கள்? இன்று ஃபீனிக்ஸ் நகருக்குள் மட்டுமே 16 லட்சம் பேர், லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கு மேல். இடையில் 300 மைல் தூரத்துக்கு முழுமையான இன்டர்ஸ்டேட் கிடையாது. 2012-ல் நாடாளுமன்றம் இந்த இரு நகரங்களுக்கு நடுவே இன்டர்ஸ்டேட் 11 என்று பெயரிட்டது. 2015-ல் இன்னொரு சட்டம் அதைத் தெற்கே நோகாலஸ் வரைக்கும் வடக்கே நெவாடாவில் இன்டர்ஸ்டேட் 80 வரைக்கும் நீட்டியது.

இந்த நீட்டிப்பில்தான் எங்கள் இருவரின் பிணக்கும் இருக்கிறது.

மதியம் இன்டர்ஸ்டேட் 19 வழியாக டூசான் வந்தோம். இந்தச் சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கின்றன. அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாறிவிடும் என்று எழுபதுகளில் நம்பியபோது வைத்தவை. வேகப் பலகைகள் மட்டும் மைலில். ஊர்க் கணக்கில் தூரம் படித்துக்கொண்டே வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். சாலை காலியாகவே இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டேன். அண்ணனும் அதை மறுக்கவில்லை.

இரண்டாம் நாள்: அவ்ரா பள்ளத்தாக்கு

நகரத்தின் மேற்கு எல்லையில் டூசான் மலைத்தொடர். கேட்ஸ் கணவாய் வழியாக ஏறி மறுபக்கம் பார்த்தால் கண் முட்டும் வரை சவாரோ கள்ளிகள். ஒரு சவாரோவுக்கு முதல் கிளை முளைக்கவே ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகலாம். ஆளுயரத்தைத் தாண்டி, நான்கைந்து கைகளோடு நிற்கிற ஒன்று நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் விதையாக இருந்திருக்கும். அந்தச் சரிவில் வடக்கே சவாரோ தேசியப் பூங்கா. அதற்கு அப்பால் விரிந்து கிடப்பது அவ்ரா பள்ளத்தாக்கு. வடமேற்கில் அயர்ன்வுட் ஃபாரஸ்ட் தேசிய நினைவுப் பகுதி, தெற்கிலும் மேற்கிலும் தொஹோனோ ஓதம் பழங்குடி மக்களின் நிலம். இவற்றுக்கு நடுவே உள்ள இடுக்கில்தான் சாலைக்குக் கோடு போட்டிருக்கிறார்கள்.

கீழே இறங்கி சாண்டாரியோ சாலையில் மெதுவாகப் போனோம். கொலராடோ ஆற்று நீரை 336 மைல் தூரம் கொண்டுவரும் மத்திய அரிசோனா கால்வாய் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் ஓடுகிறது. அந்தத் தண்ணீரை இங்கே அகலமான குளங்களில் தேக்கி மண்ணுக்குள் இறங்கவிட்டு, பிறகு கிணறுகளில் எடுத்து டூசான் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. குளங்களைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கண்மாய் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் இறங்கி நின்றேன். ரசாயனம் ஏற்றிய டேங்கர் ஒன்று இந்த ஓரத்தில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று அண்ணனிடம் கேட்டேன். "கவுந்தா சுத்தம் பண்ணத் தனிப் படையே இருக்குடா" என்றார். ஆனால் குளத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு இந்தத் திட்டத்தில் பொறுக்கவே முடியாத விஷயம் வேறொன்று. கால்வாய் வெட்டியபோது விலங்குகள் மலையிலிருந்து மலைக்குப் போகும் தடம் அறுபட்டது. அதற்கு ஈடாக மத்திய நீர்வளத் துறை சுமார் 2,500 ஏக்கர் நிலத்தை வாங்கி, இனி இங்கே எதுவும் கட்டுவதில்லை என்று ஒதுக்கிவைத்தது. பல இடங்களில் கால்வாயையே தரைக்கு அடியில் கொண்டுபோனார்கள், மான்கள் மேலே நடந்துபோகட்டும் என்று. புதிய நெடுஞ்சாலையின் மேற்கு வழி, ஈடாகக் கொடுத்த அந்த நிலத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. ஒரு திட்டம் செய்த தீங்குக்கு நஷ்டஈடாக எழுதிக்கொடுத்ததை அடுத்த திட்டம் பிடுங்கிக்கொள்ளலாம் என்றால், இனி எந்த அரசுத் துறை எதை ஒதுக்கிவைத்தாலும் யார் நம்புவார்கள்?

சேலம் எட்டு வழிச்சாலைக்குக் கல் நட்டபோது வயலில் அழுது நின்றவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நாம். இங்கே நெல் வயலும் தென்னந்தோப்பும் இல்லை என்பதால் 'வெறும் பொட்டல்தானே' என்று சொல்லிவிடுவது எளிது. பொட்டல் என்று யாரும் சொல்ல முடியாத இடம் இது. வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசினோம். முப்பது வருடமாக இங்கே இருக்கிறாராம். சாலை வந்தால் வீட்டை எடுப்பார்களா என்று கேட்டதற்கு, எடுத்தாலாவது பணம் கிடைக்கும், எடுக்காமல் வேலி ஓரத்தில் விட்டுப்போனால்தான் கஷ்டம் என்றார்.

2021-ல் முடிந்த முதல்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வு இரண்டு வழிகளையும் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒன்று இந்த அவ்ரா வழி. மற்றது ஏற்கெனவே இருக்கிற 19, 10 ஆகிய சாலைகளோடு சேர்ந்து டூசான் நகருக்குள்ளேயே போவது. 2022-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன.

இரவு அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "சரி, ஊருக்குள்ள இருக்கிற ரோட்டையே அகலப்படுத்துறாங்கன்னு வை. அப்ப யார் வீடு போகும்? ரோட்டோரத்துல இருக்கிற பழைய மெக்சிகன் குடியிருப்புதானே? உனக்குக் கள்ளிச்செடி தெரியுது, அந்த ஏழைங்க தெரியலையா?" நியாயமான கேள்வி. அந்தக் குடியிருப்புகள் ஒரு முறை நெடுஞ்சாலைக்கு இடம் கொடுத்தவை. மறுபடியும் அவர்களிடமே போய்க் கேட்பது சரியில்லைதான். ஆனால் நேற்று பார்த்த 19 காலியாக இருந்ததே? நகரத்துக்குள் நெரிசல் இருப்பது காலையிலும் மாலையிலும், உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் நேரத்தில். அவர்கள் யாரும் மலையைச் சுற்றிக்கொண்டு அவ்ராவுக்குப் போகப்போவதில்லை. இதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் அண்ணன் தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள்: டூசான் முதல் விக்கன்பர்க் வரை

இன்று பெரிதாக எழுத ஒன்றுமில்லை. இன்டர்ஸ்டேட் 10-ல் ஃபீனிக்ஸ் நோக்கிப் போகும் வழியில் பிக்காச்சோ சிகரத்தை ஒட்டிப் பத்து மைல் தூரத்துக்குப் புழுதிப்புயலைக் கண்டறியும் ரேடார்களும், அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக் காட்டும் மின்பலகைகளும் இருக்கின்றன. கண்ணை மறைக்கும் புழுதியில் வண்டிகள் அடுத்தடுத்து மோதிப் பலர் இறந்த இடம். புதுச் சாலை போடாமலே உயிரைக் காக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று இது.

ஹீலா நதிப் பழங்குடி நிலத்தின் வழியே போகும் பகுதியில் திசைக்கு இரண்டே தடங்கள். அங்கே நாங்களும் மாட்டிக்கொண்டோம். "இத முதல்ல அகலப்படுத்தணும்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அகலப்படுத்தினால் மட்டும் நெரிசல் தீர்ந்துவிடாது. ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-ல் இருபதுக்கும் மேற்பட்ட தடங்களாக்கிய சில ஆண்டுகளிலேயே பயண நேரம் மறுபடி கூடியது. புதுத் தடம் புது வண்டிகளைக் கூட்டிவரும். இருந்தாலும் இங்கே இருப்பது ஒரு பாட்டிலின் கழுத்து, அதைத் திறக்கத்தான் வேண்டும்.

ஃபீனிக்ஸ் நகருக்கு 1996 முதல் பயணிகள் ரயிலே கிடையாது என்பதையும் எழுதிவைக்கிறேன். 16 லட்சம் பேர் வாழும் ஊர்.

நான்காம் நாள்: அமெரிக்க நெடுஞ்சாலை 93

இன்றைய பகுதியை எழுதக் கை வரவில்லை.

விக்கன்பர்க்கிலிருந்து வடக்கே போகும் 93-ஆம் எண் சாலை சில மைலுக்கு நான்கு வழி, நடுவில் அகலமான மண் இடைவெளி. திடீரென்று எல்லாம் சுருங்கி இரண்டே வழியாகிவிடுகிறது. எதிரே வருகிற லாரிக்கும் நமக்கும் நடுவில் இரண்டு மஞ்சள் கோடு மட்டும். பிறகு மறுபடி நான்கு, மறுபடி இரண்டு. நான்கு வழியில் எழுபதில் ஓட்டிப் பழகிய கால் இரண்டு வழியிலும் அதே அழுத்து அழுத்துகிறது. முன்னால் ஒரு கேம்பர் வண்டி ஊர்ந்து போகும். பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் சேரும். அதில் ஒருவருக்குப் பொறுமை போய்விடும். எங்கள் கண்ணெதிரே வெள்ளைக் கார் ஒன்று முந்த வெளியே வந்து, எதிரே லாரியைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே ஒடுங்கியது. அண்ணன் கையை நீட்டி என் நெஞ்சை அணைத்துப் பிடித்தார். சின்ன வயதில் பெரியப்பாவின் அம்பாசடரில் பிரேக் போடும்போது அவர் அப்படித்தான் பிடிப்பார்.

சாலையோரம் வெள்ளைச் சிலுவைகள். சிலவற்றில் பிளாஸ்டிக் பூக்கள், ஒன்றில் குழந்தையின் தொப்பி. இந்தச் சாலைக்கு 'ரத்தச் சந்து' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் உண்டு. சாண்டா மரியா ஆற்றுக்கு முன்பு ஜோஷுவா மரங்கள் அடர்ந்த அழகான பகுதி, புகைப்படம் எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எடுக்கவில்லை.

'நத்திங்' என்று ஒரு ஊர் இருந்த இடம் வருகிறது. கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையமும் பெயர்ப்பலகையும்தான் மிச்சம். அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். அண்ணன் வழக்கமாகச் சத்தமாக விவாதிப்பவர், இப்போது மெதுவாகப் பேசினார். "நான் ஆபீஸ்ல உக்காந்து வழி போட்டு அனுப்புற டிரைவருங்க இந்த ரோட்லதான் ராத்திரி ஓட்டுறாங்க. நீ வேண்டாம்னு சொல்றப்போ எனக்கு அவங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது."

இதற்கு எதிராக என்னிடம் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் நான் அண்ணன் கட்சி. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இதற்கு இன்டர்ஸ்டேட்தான் வேண்டுமா? நேருக்கு நேர் மோதலைத் தடுப்பது நடுவில் உள்ள இடைவெளி. முந்துவதற்கு எதிர்த்தடம் வேண்டாம் என்று ஆக்குவது இரண்டாவது தடம். இவை இரண்டும் நான்கு வழியாக்கினாலே கிடைத்துவிடும். இன்டர்ஸ்டேட் தரம் என்றால் இன்னும் நிறைய வேண்டும். குறுக்குச் சாலைகள் அத்தனைக்கும் மேம்பாலம், பண்ணை வாசல்கள் எல்லாம் மூடி இணைச்சாலை, பன்னிரண்டு அடித் தடம், வலப்பக்கம் வண்டி ஒதுங்கப் பத்தடி ஓரப்பட்டை. அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தால், மிச்சமுள்ள இருவழித் துண்டுகள் இன்னும் பத்து வருடம் இப்படியே கிடக்கும்.

அண்ணன் உடனே, "எண்பது டன்... சரி, நாப்பது டன் லாரி வர்ற ரோட்ல பண்ணையிலருந்து ஒருத்தர் டிராக்டர எடுத்துட்டு இடப்பக்கம் திரும்புறார்னு வை. நாலு வழி இருந்தும் என்ன செய்வ?" என்றார். அதுவும் உண்மை. அப்புறம் விக்கியப் என்ற சிற்றூர் வரை இரண்டு பேரும் எங்கெங்கே திருப்பங்கள் ஆபத்து என்று பார்த்துக்கொண்டே போனோம். பர்ரோ கிரீக் பாலத்தில் மட்டும் ஒரு நிமிடம் பேச்சு நின்றது. அவ்வளவு ஆழம் கீழே.

கிங்மேனில் நுழையும்போது இருட்டிவிட்டது. இன்டர்ஸ்டேட் 40-லிருந்து 93-க்குத் திரும்பும் வண்டிகள் எல்லாம் நகரத்துச் சிக்னல் ஒன்றில் சேர்ந்து நிற்கின்றன. நேரடிப் பாலம் கட்டும் பணி 2024-ல் தொடங்கியது. லாரிகள் பின்னால் நீண்டு நின்றதைப் பார்த்தபோது, முப்பது வருடம் முன்பே கட்டியிருக்க வேண்டியது என்று தோன்றியது.

ஐந்தாம் நாள்: செலிக்மன்

வழியிலிருந்து விலகி எழுபது மைல் கிழக்கே போனோம். ஒரு சாலை வந்து ஒரு ஊரைத் தாண்டிப்போனால் என்ன நடக்கும் என்று அண்ணனுக்குக் காட்ட நான் கேட்டு வாங்கிய நாள் இது.

பழைய ரூட் 66 செலிக்மன் ஊருக்கு நடுவே போகிறது. 1978 செப்டம்பர் 22 அன்று இன்டர்ஸ்டேட் 40 பக்கத்தில் திறந்தது. இரவும் பகலும் வண்டி ஓடிக்கொண்டிருந்த தெரு ஒரே நாளில் ஓய்ந்துவிட்டது. ஊரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடியோ 1987-ல் ஊர்க்காரர்களைக் கூட்டிப் பழைய சாலையைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். மாநில அரசை இணங்கவைத்து அதை வரலாற்றுச் சாலையாக அறிவிக்கச் செய்தார்கள். இன்று பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகள். அவருடைய கடையில் நாற்காலி இன்னும் இருக்கிறது.

"பாரு, ஊர் பொழச்சுக்கிச்சில்ல?" என்றார் அண்ணன். பிழைத்தது. ஆனால் கிங்மேன் வரும் வழியில் வால்பை, ட்ரக்ஸ்டன் என்று கூரையில்லாத பெட்ரோல் நிலையங்களையும் ஜன்னல் உடைந்த விடுதிகளையும் எண்ணச் சொன்னேன். செலிக்மனுக்கு ஒரு டெல்கடியோ கிடைத்தார். மற்ற ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. விக்கியப்பில் நேற்று நாங்கள் சாப்பிட்ட கடை 93-ஐ நம்பித்தான் இருக்கிறது. சாலை உயர்ந்து, அடுத்த இறங்குவழி ஐந்து மைல் தள்ளிப் போனால் அந்தக் கடையில் யார் நிறுத்துவார்கள்? இதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. இறங்குவழி ஊர் வாசலிலேயே இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஆறாம் நாள்: பாலம்

கிங்மேனிலிருந்து வடமேற்கே 93 முழுக்க நான்கு வழி. உண்மையைச் சொன்னால், இன்டர்ஸ்டேட் என்ற பலகை இல்லையே தவிர ஓட்டுவதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நேற்று முன்தினம் பிடித்திருந்த பயம் இன்று ஒரு நொடிகூட இல்லை.

ஹூவர் அணைக்கட்டை நெருங்கும் பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் சாலைக்குக் குறுக்கே மூன்று பாலங்கள். மேலே வண்டி எதுவும் போகாது. பெருங்கொம்பு ஆடுகள் கடப்பதற்காகவே 2011-ல் கட்டியவை. ஆடுகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி, அவை எந்த முகடு வழியாக நடக்கின்றன என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணன் மகிழ்ச்சியாகச் சொன்னார்: "இதே மாதிரி அவ்ராவுலயும் கட்டலாமே?" கட்டலாம். ஆடு கடந்துவிடும். இரவின் இருட்டும் சத்தமில்லாமையும் அந்தத் தண்ணீர்க் குளங்களும் பாலம் ஏறிக் கடக்காதே, அண்ணா? கிட் பீக் வானாய்வகம் அந்த இருட்டை நம்பித்தான் பக்கத்து மலையில் இருக்கிறது.

ஹூவர் அணைக்கு அருகே மைக் ஓ'கேலகன் – பேட் டில்மன் நினைவுப் பாலம். 2010 அக்டோபரில் திறந்தது. ஆற்றிலிருந்து ஏறத்தாழ 900 அடி உயரம், 1,060 அடி வளைவு. இதற்கு முன்பு 93-ஆம் சாலை அணையின் மேலேயே போனது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு லாரிகளை அணைமீது விடவில்லை, சுற்றிப் போக வேண்டியிருந்தது. தேவை கண்ணுக்கு முன்னால் நின்றபோது கட்டிய பாலம் இது. காரிலிருந்து பார்த்தால் பக்கச்சுவர் அணையை மறைத்துவிடும். நிறுத்திவிட்டு நடைபாதையில் ஏறினோம். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. பின்னால் லாரி போகும்போதெல்லாம் காலடியில் பாலம் அதிர்ந்தது.

பாலம் தாண்டினால் நெவாடா. அங்கே முதன்முதலாக நீலமும் சிவப்புமாக 11 என்ற பலகை. போல்டர் சிட்டிக்கு வெளியே 15 மைல் புறவழி, 2018-ல் திறந்தது. தோண்டும்போது மண்ணில் இயற்கையாகவே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருப்பது தெரிந்து வேலை தாமதமானது. அணை கட்ட வந்தவர்களுக்காக எழுப்பிய அந்தச் சிற்றூரின் தெருவில் முன்பு வார இறுதியில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்குமாம். இன்று ஊருக்குள் போய்ப் பார்த்தோம். அமைதியாக இருந்தது, கடைகளும் திறந்திருந்தன.

மாலை லாஸ் வேகாஸை ஒட்டிய ஹெண்டர்சன் வந்து, ஓட்டல் அறையில் நோகாலஸில் வாங்கிய காகித வரைபடத்தை விரித்தோம். அடுத்தகட்ட ஆய்வில் பொதுமக்கள் கருத்து கேட்கும்போது அனுப்ப ஒரு கடிதம் எழுதுவது என்று பாலத்தில் நின்றபோதே பேசியிருந்தோம். விக்கன்பர்க்கிலிருந்து கிங்மேன் வரை மிச்சமுள்ள இருவழித் துண்டுகள் முதலில். பிறகு ஹீலா நதிப் பகுதி. விக்கியப்பில் இறங்குவழி ஊர் வாசலில். இவை மூன்றையும் அண்ணனே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்காவதாக அவ்ரா வழியைக் கைவிட வேண்டும் என்று எழுதத் தொடங்கியதும் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் கழிச்சு மெக்சிகோ சரக்கு ரெண்டு மடங்கானா?"

"அப்ப ரயில்ல அனுப்புங்க. நோகாலஸ்ல தண்டவாளம் ஏற்கெனவே இருக்கு."

வெகுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "முதல் மூணுக்கும் நான் கையெழுத்துப் போடுறேன். நாலாவத நீ தனியா ஒரு தாள்ல எழுதி அனுப்பு. அந்தக் குளத்தப் பத்தி மறக்காம எழுது."

எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் மூன்றாம் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.